தேன் விளக்கைச் சரிபார்த்தவர்

இசோகாய் மிசாவோ எங்கள் தளத்தில் செய்த முதல் திருத்தம் ஒரே ஒரு பலகையைப் பற்றியது.

மூன்றாம் கணவாயின் மரப்பாலத்துக்கு முப்பத்தொரு பலகைகள் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். அதன் கீழே 'மூடி' என்ற புனைபெயரில் யாரோ, "முப்பத்திரண்டு. கடைசிப் பலகை பாதி பனியில் மறைந்திருக்கிறது. மூன்று முறை எண்ணினேன்" என்று குறிப்பு போட்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். வேலை வெட்டி இல்லாத எவனோ பாலத்துப் பலகையை எண்ணக் கிளம்பிவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே, கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டியை முடுக்கி, கணவாய் ஏறிப் போய் எண்ணினேன். முப்பத்திரண்டு இருந்தது. மறுபடி எண்ணினேன். அப்போதும் முப்பத்திரண்டுதான்.

என் பெயர் குராமொச்சி யசுஹிதே. கிர்யூவில் சலவைக் கடை வைத்திருக்கிறேன். 'கணவாய்த் தபால்' என்ற விளையாட்டுக்கு இணையத்தில் ஒரு கையேடும் நடத்துகிறேன். முதலாவது பிழைப்பு, இரண்டாவது பிழைப்பைக் கெடுக்கும் வேலை என்பாள் என் மனைவி கினுயோ. இருபத்தைந்து ஆண்டுப் பழைய விளையாட்டு அது. தபால்காரராக ஏழு கணவாய்களைத் தாண்டிக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்த நிறுவனம் எப்போதோ கலைந்துவிட்டது. இன்றைக்கும் விளையாடுகிறவர்கள் நாடு முழுக்க இருநூறு பேர் இருந்தால் அதிகம். அந்த இருநூறு பேருக்கும் எங்கள் தளம்தான் கதி. எந்த வீட்டு நாய் எந்தக் கிழமையில் கடிக்கும் என்பது வரை அதில் உண்டு.

தளத்தின் முகப்பில் கொட்டை எழுத்தில் ஒரு விதி இருக்கிறது. "கையால் செய்து பார்க்காததை எழுதாதே. இருவர் சரிபார்க்காததை நம்பாதே." ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சரிபார்த்த இருவரின் புனைபெயர் இருக்கும். விதியை எழுதியவன் நான்தான். பிற்பாடு அது என் தலையிலேயே விடியும் என்று அப்போது தெரியாது.

ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்டில், தளத்துக்காரர்கள் எல்லாரும் எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள நூடுல்ஸ் கடையில் கூடுவோம். அங்கும் புனைபெயர்தான். நரைத்த தலைகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் 'கடுகு-சான்', 'நனைந்த கடிதம்-சான்' என்று மரியாதையாக அழைத்துக்கொள்வதைப் பார்த்துப் பரிமாறும் பெண்கள் சமையலறைக்குள் போய்ச் சிரிப்பார்கள். நனைந்த கடிதம் என்பது நான். கடுகு, நீகத்தாவில் பேருந்து ஓட்டுகிறவர், வாய் நீளம். பலகையை எண்ணிய மூடி ஒரு கல்லூரிப் பையனாக இருப்பான், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பான் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். வந்தது, பிடரியை மறைக்கும் துணி வைத்த வெயில் தொப்பியோடு ஐம்பது தாண்டிய ஒரு பெண்மணி.

"மூடி-சானா? நீங்களா?" என்று கடுகு எழுந்தே விட்டார்.

"ஏன், மூடி எப்படி இருக்கும்னு நெனச்சீங்க? வட்டமாவா?" என்றார் அவர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முதல் வேலையாக உணவுப் பட்டியலைப் புரட்டினார். "இதுல 'அகல நூடுல்ஸ், பத்து சென்டிமீட்டர்'னு போட்டிருக்கே. யாராவது அளந்து பாத்தீங்களா?"

இசோகாய் மிசாவோ என்பது மூடியின் நிஜப் பெயர்; வேலை, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிப்பது. வாசலில் தரைக்குள் பதித்த குழியின் மூடியைக் கொக்கியால் தூக்கி, கண்ணாடியைத் துடைத்து, எண்ணைக் குறித்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார். ஒரு நாளில் இருநூறு மூடிகள். புனைபெயர் அங்கிருந்து வந்தது. ஒருமுறை நாய் துரத்தி, திறந்து வைத்த குழியில் தானே கால் விட்டு எலும்பு முறிந்து, இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது, தங்கை கொண்டு வந்து போட்ட பழைய பெட்டியில் எங்கள் விளையாட்டு இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்குவதும் நாய்க்குப் பயப்படுவதும் தனக்குப் பழக்கமான சங்கதி என்பதால் உடனே பிடித்துப்போனதாம்.

கடைசியில் தெரிந்தது, என் கடையின் மீட்டரைப் படிப்பவரும் அவரே என்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் வாசலில் குந்தி உட்கார்ந்துவிட்டுப் போகிற தொப்பியை நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"மூலைச் சலவைக் கடை உங்களோடதா? உங்க குழியில ஒரு தேரை இருக்கு, தெரியுமா? நாலு வருஷமா அதே தேரை" என்றார்.

"அதே தேரைன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எடது கால்ல ஒரு விரல் இல்ல. எண்ணிப் பாத்தேன்."

அன்றிலிருந்து ஏழு ஆண்டுகளில் அவர் எங்கள் தளத்தில் ஆயிரத்துச் சொச்சம் பிழைகளைத் திருத்தினார். மூடுபனியில் நரி ஐம்பதில் ஒரு தடவை வரும் என்று போட்டிருந்தோம். ஆள் எண்ணும் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, டிக், டிக் என்று இரண்டாயிரம் தடவை கணவாயைக் கடந்து, அறுபத்து நான்கில் ஒன்று என்று நிரூபித்தார். தவறை அழித்துவிட்டுச் சரியானதை எழுதும் எங்கள் பழக்கமும் அவருக்குப் பிடிக்கவில்லை. அலுவலகத் தாளில் எண் தப்பானால் என்ன செய்வோம்? மேலே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தப்புச் செய்தவர் தன் பெயர் பொறித்த சின்ன முத்திரையைச் சிவப்பில் குத்துவார். தளத்திலும் அப்படியே செய்ய வேண்டும் என்று நின்றார். செய்தோம். அதன்பிறகு எங்கள் பக்கங்கள் எல்லாம் சிவப்புப் பொட்டாக ஆகிவிட்டன, அதில் பாதிப் பொட்டு என்னுடையது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு, அவர் கை படாத பக்கத்தை எனக்கே நம்பத் தோன்றவில்லை.

இனி என் திருட்டுத்தனத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மூடி-சான் வருவதற்கு வெகுகாலம் முன்பு, ஒரு களவாணித் தளம் எங்கள் பக்கங்களை ஒரு எழுத்து விடாமல் அள்ளிக்கொண்டு போய்த் தன் பெயரில் போட்டுக்கொண்டிருந்தது. கேட்டால், நாங்களே ஆராய்ந்து எழுதினோம் என்றார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. பொறி வைத்தேன். விளையாட்டில் இல்லவே இல்லாத ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் எழுதினேன். தேன் விளக்கு. பனிப்புயல் அன்று ஏழாம் கணவாயின் குடிலில் ஒதுங்கி, புயல் ஓயும்வரை கதவருகே நின்றால், ஆயிரத்தில் ஒரு தடவை ஒரு கிழவர் கதவைத் தட்டி விளக்கைத் தருவார் என்று எழுதி, படமும் வரைந்து போட்டேன். படம் நன்றாக வந்திருந்தது. பத்தாவது நாள் தேன் விளக்கு களவாணித் தளத்திலும் எரிந்தது. அதைக் காட்டிப் புகார் செய்து அந்தத் தளத்தை இழுத்து மூட வைத்தேன்.

அத்தோடு அந்தப் பக்கத்தை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. சோம்பல் பாதி, படத்தின் மேல் ஆசை பாதி. அடியில் சரிபார்த்தவர்கள் என்று இரண்டு பெயர் வேண்டுமே. ஒன்று என் பெயர், இன்னொன்று கடுகு. அவரிடம் கேட்காமலே போட்டேன்.

சென்ற ஆகஸ்டில் நூடுல்ஸ் கடையில் மூடி-சான் எனக்கு எதிரே உட்கார்ந்து, குஷியாக ஒரு செய்தி சொன்னார். தளத்தில் இருக்கும் அறுநூற்றுப் பதினேழு பொருள்களையும் அவர் தன் கையால் எடுத்துச் சரிபார்த்துவிட்டாராம். ஒன்றே ஒன்று பாக்கி.

"தேன் விளக்கு. பிப்ரவரிலேருந்து நின்னுக்கிட்டு இருக்கேன். நேத்தோட ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது. ஒரு தடவைக்கு நாலு நிமிஷம். அந்தக் கெழவர் எம்மேல என்ன கோவமோ, வரவே மாட்டேங்கறார்."

என் தொண்டையில் நூடுல்ஸ் சிக்கிக்கொண்டது. அகலமான நூடுல்ஸ், சிக்கினால் லேசில் இறங்காது.

"கடுகு-சான், நீங்க எடுத்திருக்கீங்களே. பாக்க எப்படி இருந்துச்சு?" என்று அவர் திரும்பிக் கேட்டார்.

கடுகு விழித்தார். பக்கத்தின் அடியில் தன் பெயர் இருக்கிறது, ஞாபகமோ துளிகூட இல்லை. மேஜை முழுக்கத் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் மனிதர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அடேயப்பா! என்னா பிரகாசம்! கண்ணு கூசிப்போச்சு எனக்கு."

"குடுத்துவெச்சவங்க நீங்க" என்றார் மூடி-சான், நிஜமான பொறாமையோடு.

அப்போதே சொல்லியிருக்கலாம். பதினோரு பேர் எதிரில், விதியை எழுதியவனே பொய் எழுதினான் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. வீட்டுக்கு வந்து கினுயோவிடம் மட்டும் சொன்னேன்.

"ஒரு பொம்பள உங்க பேச்ச நம்பி ஆறு மாசமா பனியில நிக்குது. நீங்க நூடுல்ஸ் சாப்பிட்டுட்டு வந்தீங்களா? போய்ச் சொல்லுங்க."

"சொன்னா தளத்த விட்டே போயிடுவாங்க."

"சொல்லாட்டி அங்கேயே நிப்பாங்க. எது தேவல?"

பதில் தெரியாததால் நான் ஒரு கோழைத்தனமான வழி பிடித்தேன். ஆயிரத்தில் ஒன்று என்பதை ஐயாயிரத்தில் ஒன்று என்று மாற்றிவிட்டேன். மலைத்துப்போய்க் கைவிட்டுவிடுவார் என்று கணக்கு. ஏழு ஆண்டு பழகியும் அந்த அம்மாளை நான் புரிந்துகொண்ட லட்சணம் அது. மறுநாள் காலையில் குறிப்புப் பகுதியில் எழுதியிருந்தார்: "ஐயாயிரமா? நல்லது, அதனால்தான் கிடைக்கவில்லை. எங்கள் வழக்கப்படி ஒரு பொருள் இல்லை என்று சொல்ல அதன் எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு பார்க்க வேண்டும். பதினைந்தாயிரம். தொடர்கிறேன். ஒருவேளை என் விளையாட்டுப் பெட்டியில்தான் கோளாறோ என்று கவலையாக இருக்கிறது. யாராவது உடன் முயன்றால் உதவியாக இருக்கும்." இரண்டே நாளில் ஒன்பது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் பல் மருத்துவர், நோயாளிக்கு மருந்தில் ஈறு மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தில் நான்கு நிமிஷம் நின்றுவிட்டு வருவதாக எழுதினார். வீட்டுக்கு ஒருவராக ஊரே எனக்காகக் குடிலில் நின்றது.

செப்டம்பரில் ஒரு காலை, வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. வாசலில் தொப்பி தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டையைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடினேன். மூடி-சான் குழியருகே குந்தியிருந்தார்.

"மூடி-சான், அந்தத் தேன் விளக்கு..."

"இருங்க, நம்பர் எடுத்துக்கறேன்." எடுத்தார். தேரைக்கு வணக்கம் சொன்னார். "ம், சொல்லுங்க. நான் இப்போ ரெண்டாயிரத்து அறுநூத்தி எட்டு. முந்தாநாள் ஜன்னல்ல நிழல் தெரிஞ்சுது பாருங்க, எழுந்தே நின்னுட்டேன். கடைசில பாத்தா நரி."

"அது இல்ல."

"நரி இல்லையா?"

"தேன் விளக்கு இல்ல. விளையாட்டுல அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது. நாந்தான் இட்டுக்கட்டி எழுதினேன், களவாணிப் பசங்களப் பிடிக்க."

அவர் மூடியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அப்போ அந்தக் கெழவர்?"

"கெழவரும் இல்ல."

விளக்கு இல்லை என்றதைவிட அதுதான் அவரைத் தாக்கியதுபோல் இருந்தது. மூடியை மெல்லப் பொருத்தி, எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"குராமொச்சி-சான்" என்றார். ஏழு ஆண்டில் அவர் என்னை நிஜப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல் தடவை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. "பன்னெண்டு வருஷம் முன்னாடி நீங்க எழுதினது எனக்குப் பெருசில்ல. திருடனுக்கு வெச்ச பொறி, சரி. போன மாசம் ஐயாயிரம்னு மாத்தினீங்களே, அது எந்தத் திருடனுக்கு?"

சட்டை கையில் கசங்கியதுதான் மிச்சம். அவர் சீட்டைக் கிழித்து இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

அன்றைக்கே தளத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். தேன் விளக்குப் பக்கத்தின் மேல் கோடு போட்டு, சிவப்பு முத்திரை குத்தி, என் பெயரையும் கடுகுக்குத் தெரியாமல் அவர் பெயரைப் போட்டதையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார்கள் என்று பார்த்தால் ஆளாளுக்குச் சிரித்தார்கள். கடுகு மட்டும், "அந்தப் பிரகாசத்தை நான் கனவில் கண்டிருக்கலாம்" என்று எழுதித் தானும் ஒரு முத்திரை குத்திக்கொண்டார். ஆனால் மூடி-சானிடமிருந்து ஒரு வரி இல்லை. பதினோரு நாள் ஒரு திருத்தம் இல்லை. காலையில் கடை திறப்பதற்கு முன் பார்ப்பேன், மதியம் பார்ப்பேன். ஏழு ஆண்டில் அப்படி ஒரு இடைவெளி விழுந்ததில்லை. தப்பைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லாத தளம் இத்தனை வெறிச்சென்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இழந்துவிட்டேன் என்றே முடிவு செய்து, வேலையில் புத்தி போகாமல், ஒருவர் சட்டையை இன்னொருவர் பையில் போட்டுக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் கடைக் கதவு திறந்தது. மூடி-சான் தன் சீருடைகளை ஒரு பொதியாக மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் ஆள் எண்ணும் கருவியையும் வைத்தார்.

"மூவாயிரம் முடிச்சேன். நேத்து சாயங்காலம்" என்றார்.

"இல்லன்னு சொன்ன பிறகுமா நின்னீங்க?"

"நீங்க சொன்னது வாய்வார்த்தை. வாய்வார்த்தைய இந்தத் தளத்துல ஏத்துக்கறதில்ல. மொகப்புலயே போட்டிருக்கு, கொட்ட எழுத்துல." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். "அந்தக் குடில் பக்கத்துல பதினோரு தப்பு இருக்கு. அடுப்புல கட்ட மூணு இல்ல, நாலு. ஜன்னல் வழியா நரி போகும், புயல்ல நரி வராதுன்னு எழுதியிருக்கீங்க. மூவாயிரம் தடவ நின்னவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"தேன் விளக்கு இல்லங்கறதையும் எழுதிட்டேன். சரிபார்த்தவர், மூடி. ஆனா ரெண்டு பேர் வேணுமே" என்றவர், கருவியை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். அதில் நான்கு பூஜ்யங்கள் இருந்தன.

"மூவாயிரமா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆயிரத்துக்கு ஒண்ணுன்னா மூவாயிரம். ஐயாயிரத்துக்கு ஒண்ணுன்னா பதினஞ்சாயிரம். எதுன்னு நீங்கதான் சொல்லணும், எழுதினவர் நீங்கதானே."

உள்ளே மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்த கினுயோ, சிரிப்பை அடக்க ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். "இஸ்திரிக்கு நீராவி சூடாக நாலு நிமிஷம் ஆகும்னு சும்மாதான நிப்பார்! நான் பாத்துக்கறேன், இசோகாய்-சான். ஒரு நாளைக்கு ஏழு தடவ. சொணங்கினா சோறு கெடையாது."

அன்று முதல் நான் நிற்கிறேன். இஸ்திரி மேஜைக்கு எதிரே பழைய தொலைக்காட்சியை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்களுக்கு இடையே குடிலுக்குள் ஒதுங்குகிறேன். புயல் ஓய்கிறது, கிழவர் வரவில்லை, டிக். மறுபடி ஒதுங்குகிறேன். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இல்லாத ஒன்றை, இல்லை என்று தெரிந்த ஒன்றை, அதுவும் நானே கட்டிவிட்ட ஒன்றைத் தேடி நிற்பதுபோல் ஒரு தண்டனை உண்டா! நூறு தாண்டியதும், ஜன்னலில் நரி போவதைப் பார்த்தேன். இரண்டு கையையும் தூக்கிக் கத்திவிட்டேன், கோட்டு வாங்க வந்தவர் பயந்துபோனார். சில நாள் புயல் ஓயும்போது கிழவர் வந்துவிடுவாரோ என்று எனக்கே ஒரு நப்பாசை வருகிறது.

நவம்பரில், வறண்ட காற்று மண்ணை வாரி அடித்த ஒரு முற்பகலில், மூடி-சான் மீட்டர் படிக்க வந்தார். தேரை உறங்கப் போய்விட்டது என்றார். தண்ணீர்ச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "அது?" என்று கேட்டார்.

கருவியை எடுத்து நீட்டினேன். நான் நான்கு நிமிஷம் நின்றேனா, சும்மா கட்டை விரலை அழுத்தினேனா என்று கண்டுபிடிக்கிறவருக்கு வழியா இல்லை? ஆட்டத்திலேயே மொத்த நேரம் பதிவாகிறது. உள்ளே வந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். காட்டுவதற்காக அந்த நேரக்கணக்கைத் திறந்தும் வைத்திருந்தேன்.

அவர் உள்ளே வரவில்லை. கருவியின் கண்ணாடியைக் கட்டை விரலால் துடைத்தார், மீட்டரைத் துடைப்பதுபோலவே. "நானூத்திப் பன்னெண்டு" என்று படித்து, வெற்றுச் சீட்டு ஒன்றில் எழுதி, பிரதியை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார். நூடுல்ஸின் அகலத்தைக்கூட அளக்காமல் நம்பாத அம்மாள், என் எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

உள்ளே வந்து சீட்டைச் சுவரில் ஒட்டப் போனபோதுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள், மறுபடி நரியைப் பார்த்த உற்சாகத்தில் இரண்டு முறை அழுத்தியிருந்தேன். சரிசெய்ய வேண்டும் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் காற்றில் ஓடினேன். அவர் நான்காவது வாசலில் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"மூடி-சான்! பதினொண்ணு! நானூத்திப் பதினொண்ணுதான்! ஒரு தடவ கூட அழுத்திட்டேன்!"

அவர் கொக்கியைக் கீழே வைத்தார். தன் சீட்டை எடுத்துப் பன்னிரண்டின் மேல் நேராக ஒரு கோடு போட்டார், பக்கத்தில் பதினொன்று என்று எழுதினார், பிறகு தொப்பிக்கு அடியிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரோட தப்பு?"

"என்னோடது."

"அப்போ முத்திர கொண்டாங்க, நனைஞ்ச கடிதம்-சான். நான் இங்கயே நிக்கறேன்."

முத்திரையை எடுத்துவர நான் மறுபடி கடைக்கு ஓடினேன்.